கடைவாய் வெடிப்பும் புண்ணும்: ஹோமியோபதி மருந்துகள், வீட்டுப் பராமரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களிலும், கிருஷ்ணகிரி மண்டிகளில் மாங்காய் குவியும் கோடையிலும் வாயின் ஓரம் வெடித்து எரிகிறது என்ற புகார் அதிகம் கேட்கிறது. இப்படி அவதிப்படுபவர்களில் பலர் முதலில் தேடுவது ஹோமியோபதி மாத்திரைகளை. அந்த மாத்திரைகளைப் பற்றியும், அவற்றோடு சேர்த்தோ அவை இல்லாமலோ வீட்டில் செய்ய வேண்டியவற்றைப் பற்றியும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை.

கடைவாய்ப் புண்ணும் சாதாரண வாய்ப்புண்ணும் ஒன்றுதானா?

இல்லை. வாய்ப்புண் என்று நாம் பொதுவாகச் சொல்வது கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ உதட்டின் உள்ளேயோ வரும் குழிப்புண். கடைவாய்ப் புண் என்பது மேலுதடும் கீழுதடும் சேருகிற மூலையில், தோலில் வருவது. அந்த இடம் முதலில் சிவந்து, ஊறிப்போன தோல் போல வெளுத்து, பிறகு கோடு கோடாக வெடிக்கும். களியைக் கிள்ளி வாயில் போடும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்த வெடிப்பு மறுபடி பிளந்து, சில நேரம் ஒரு சொட்டு ரத்தம் கசிந்து, காய்ந்து பொருக்குத் தட்டும். பெரும்பாலும் இரண்டு ஓரங்களிலும் வரும்.

ஒரு பக்கம் மட்டும் குறுகுறுப்பும் எரிச்சலும் தொடங்கி, மறுநாள் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழுந்தால் அது ஹெர்பிஸ் வைரஸால் வரும் உதட்டுக் கொப்புளமாக இருக்கலாம். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிக் கன்னத்துக்கும் மூக்குக்கும் பரவினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது பாக்டீரியாவால் வரும் சொறிப்புண். இவற்றுக்கான மருந்து வேறு என்பதால், எதற்கு மருந்து தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இது ஏன் வருகிறது? உடம்புச் சூடுதான் காரணம் என்கிறார்களே?

முதல் காரணம் எச்சில். வாயோரத்தில் எச்சில் தேங்கி நிற்கும்போது தோல் ஊறி மென்மையாகிறது. அது ஆவியாகும்போது தோலின் ஈரப்பசையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வறண்டு இழுப்பதால் நாக்கால் நக்குகிறோம். நக்குவதால் மேலும் வறண்டு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சையும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவும் தனித்தனியாகவோ கூட்டாகவோ குடியேறுகின்றன. அதன் பிறகு வெறும் எண்ணெயோ வாசலினோ மட்டும் போதாமல் போகிறது.

இதற்குக் களம் அமைத்துக் கொடுப்பவை பல: இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை, ரைபோஃப்ளேவின் எனப்படும் பி2, பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் குறைபாடு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பற்கள் விழுந்து அல்லது தேய்ந்து வாய் உள்வாங்கியிருப்பது, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து, முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை. எய்ட்ஸ் போன்ற எதிர்ப்பாற்றல் குறையும் நோய்களிலும் இது வரும்.

சூடு என்று நம் வீடுகளில் சொல்வதை நான் கேலி செய்ய மாட்டேன். சரியாகத் தூங்காமல், தண்ணீர் குடிக்காமல், வெயிலில் அலைந்து உதடு வறண்ட நிலையைத்தான் பெரும்பாலும் அந்தச் சொல் குறிக்கிறது. ஆனால் சூடு என்று முடிவு கட்டிவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மாம்பழம் தின்ற பிறகு வாயோரம் வெந்துபோகிறது. அதுவும் இதுதானா?

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு. மாங்காயின் காம்பில் வடியும் பாலிலும் தோலிலும் தோலை அரிக்கக்கூடிய, சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. தோலோடு கடித்து உறிஞ்சும்போது அவை நேராக வாயோரத்தில் படுகின்றன. பால் பட்ட உடனே எரிந்து வேகலாம். ஒவ்வாமையானால் ஓரிரு நாள் கழித்துச் சிவந்து அரித்து, நீர் கோத்து வரும். தோப்பில் காய் பறிப்பவர்களுக்குக் கையிலும் முகத்திலும் இதே தடிப்பு வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

காம்புப் பக்கத்தை வெட்டி, தலைகீழாக வைத்துப் பால் வடியவிட்டு, நன்றாகக் கழுவித் தோல் சீவி, துண்டு போட்டுச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை வராது. செந்தூரா மாம்பழத்தை அப்படியே கையில் பிடித்து உறிஞ்சுவதில் இருக்கிற சுகம் துண்டில் இல்லை என்பது உண்மைதான். வாயோரம் ஆறும் வரையாவது அந்தச் சுகத்தை ஒத்திவைக்க வேண்டும். ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் இது திரும்பத் திரும்ப வருகிறவர்கள் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால் வருகிறதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதியாக இருப்பது நீண்ட காலமாக அறியப்பட்ட பிரச்சினை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஃப்ளோரைடு பற்களில் கறையையும், பல ஆண்டுகளில் எலும்பிலும் மூட்டிலும் பாதிப்பையும் உண்டாக்கும். கடைவாய் வெடிப்பு அதன் அடையாளமன்று.

புண் வந்த முதல் வாரத்தில் வீட்டில் என்ன செய்யலாம்?

அந்த இடத்தை உலர்வாக வைத்து, எச்சில் படாமல் மறைப்பதுதான் சிகிச்சையின் பாதி. சாப்பிட்டு முடித்ததும் வெறும் தண்ணீரால் வாயோரத்தைக் கழுவி, மென்மையான துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஓரிரு நிமிடம் காய்ந்த பிறகு வாசலினையோ துத்தநாக ஆக்சைடு களிம்பையோ மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறையாவது, குறிப்பாக இரவு படுக்கும் முன்பு, இதைச் செய்ய வேண்டும். ஏனென்றால் தூக்கத்தில்தான் தெரியாமல் எச்சில் வழிகிறது. தலையணை உறையில் காலையில் ஈரக் கறை இருந்தால் உங்களுக்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

ஈரத்தின் மேல் பூசக் கூடாது. எச்சிலை உள்ளே வைத்து மூடுவதுபோல ஆகிவிடும்; மூன்று நாள் பூசியும் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் செய்யும் தவறு இதுதான்.

பொருக்கை நகத்தால் பிய்க்காதீர்கள். நாக்கு தானாகப் போய் அந்த இடத்தைத் தொடும். அதைக் கவனித்து நிறுத்துவது மாத்திரை போடுவதைவிடக் கடினம், ஆனாலும் அதற்குத்தான் பலன் அதிகம். புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை, காரம் ஆகியவற்றைப் புண் மூடும் வரை குறைத்துக்கொள்ளுங்கள். வாசனை சேர்த்த லிப் பாமையும் உதட்டுச் சாயத்தையும் நிறுத்திவையுங்கள். புதிய பற்பசைக்கு மாறிய பிறகு வந்ததென்றால் பழையதற்கே திரும்புங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் சாதாரண வெடிப்பு ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும்.

வெண்ணெய், தேன், மஞ்சள், காலை எச்சில் ஆகியவற்றைத் தடவலாமா?

உப்புச் சேர்க்காத வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் தோலை மூடிக் காக்கும் வேலையை ஓரளவு செய்கின்றன, தீங்கில்லை. தேன் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் இனிப்பு நாக்கை அங்கேயே இழுக்கும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மஞ்சளைக் குழைத்து வெடிப்பில் வைத்தால் எரிந்து, தோலை மேலும் வறட்டும். காலை எழுந்ததும் பல் துலக்காமல் எச்சிலைத் தொட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: புண்ணை உண்டாக்கியதே எச்சில், அதிலும் இரவு முழுதும் கிருமி பெருகிய எச்சில். வெற்றிலை போடுபவர்களுக்கு வாயோரத்தில் சுண்ணாம்பு பட்டு வெந்துபோவதும் உண்டு.

ஹோமியோபதியில் இதற்கு எந்த மருந்துகளைச் சொல்கிறார்கள்?

ஹோமியோபதி மருத்துவர்கள் புண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதில்லை. வலி எப்படிப்பட்டது, எப்போது கூடுகிறது, ஆளின் உடல்வாகு என்ன என்பதையெல்லாம் கேட்டே தேர்வு செய்கிறார்கள். அவர்களுடைய நூல்களில் இந்தத் தொல்லைக்கு முதலில் வருவது காண்டுராங்கோ. தென்னமெரிக்கக் கொடி ஒன்றின் பட்டையிலிருந்து செய்யப்படும் இது, வாயோரங்களில் வலியுடன் கூடிய வெடிப்பு என்ற ஒற்றைக் குறிக்கே பெயர்பெற்றது. சிம்பு குத்துவதுபோல வலித்தால் நைட்ரிக் ஆசிட் என்பார்கள். வெடிப்பிலிருந்து தேன்போல ஒட்டும் நீர் கசிந்தால், தோலும் பொதுவாகத் தடித்து வறண்டிருந்தால், பென்சில் கரியிலிருந்து செய்யும் கிராஃபைட்டிஸ். நாக்கில் வெள்ளையாகக் கனத்த படலம் படிந்து, செரிமானமும் கெட்டிருந்தால் ஆன்டிமோனியம் குரூடம். குளிர்காலத்தில் கை, உதடு எல்லாம் சேர்ந்து வெடிப்பவர்களுக்குப் பெட்ரோலியம். கீழுதட்டின் நடுவில் வெடிப்பும் உதட்டு வறட்சியும் இருந்தால் சாதாரண உப்பிலிருந்து செய்யும் நேட்ரம் மூர். எச்சில் அதிகம் ஊறி வாய் நாறினால் மெர்க்யூரியஸ் சால். குழந்தை உதட்டைப் பிய்த்துப் பிய்த்து ரத்தம் வரச் செய்தால் ஆரம் டிரைஃபில்லம். மேலே பூசக் கலெண்டுலா களிம்பு.

இவை அந்த முறையின் நூல்கள் சொல்லும் பொருத்தங்கள். குணப்படுத்துகின்றன என்று சோதித்து நிறுவப்பட்டவை என்ற பொருளில் இங்கே தரவில்லை.

அப்படியானால் இம்மருந்துகள் வேலை செய்யுமா, செய்யாதா?

நேராகவே சொல்கிறேன்: கடைவாய்ப் புண்ணை ஹோமியோபதி மருந்து ஆற்றுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பகமான சான்று உள்ள நோய் எதுவும் இல்லை என்று 2015இல் அறிவித்தது.

காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. 30சி என்று எழுதியிருக்கும் வீரியம், மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக முப்பது முறை அடுத்தடுத்து நீர்த்ததைக் குறிக்கிறது. பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமல் போய்விடுகிறது. பூஞ்சையைக் கொல்லவோ ரத்தத்தில் இரும்பை ஏற்றவோ அந்தச் சர்க்கரை உருண்டையில் எதுவும் இல்லை.

ஆனால் எனக்கு அந்த மாத்திரை சாப்பிட்ட பிறகுதானே ஆறியது?

ஆறியது உண்மை, எதனால் ஆறியது என்பதில்தான் கேள்வி. இந்தப் புண் ஏறி இறங்கும் தன்மை உடையது. எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடிப் போகிறோம், அதன் பிறகு எப்படியும் தணிவு வரும். மருத்துவர் காரம், புளி, காபி, வெற்றிலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருப்பார், அதுவும் உதவியிருக்கும். கலெண்டுலா களிம்பு பூசியவர்களுக்கு அதன் அடிப்படையான வாசலின் போன்ற பொருளே தோலை மூடி ஆறச் செய்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நல்ல ஹோமியோபதி மருத்துவர் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேட்கிறார். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்த நேரம் கிடைப்பதில்லை என்பதை மறுக்க முடியாது. மக்கள் அங்கே போவதற்கு அது நியாயமான காரணம்தான்.

ஹோமியோபதி எடுத்துக்கொள்வதென்றே முடிவு செய்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் போங்கள். ஹோமியோபதிப் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. இத்துறை இப்போது 2020ஆம் ஆண்டின் தேசிய ஹோமியோபதி ஆணையச் சட்டத்தின்கீழ் வருகிறது. பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மிக நீர்த்த மருந்துகளால் நேரடித் தீங்கு குறைவு. ஆனால் மெர்க்யூரியஸ், ஆன்டிமோனியம் போன்றவற்றைத் தாழ்ந்த வீரியத்தில், அதாவது குறைவாக நீர்த்த நிலையில், சுயமாக, வாரக்கணக்கில் சாப்பிடக் கூடாது. அவற்றில் உண்மையிலேயே உலோகம் இருக்கலாம். தாய்த் திரவம் எனப்படும் சாராயக் கரைசலை வெடிப்பில் நேராகத் தடவினால் கடுமையாக எரியும். கலெண்டுலா சாமந்தி இனத்தைச் சேர்ந்த பூ. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியில் பூந்தோட்டத்தில் வேலை செய்து சாமந்தி பட்டால் கை அரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் களிம்பைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரை எடுத்ததும் முதலில் நோய் கூடித்தான் குறையும் என்று சொல்லிப் பரவும் புண்ணோடு காத்திருக்கச் சொன்னால் ஏற்காதீர்கள். சர்க்கரை நோய்க்கான மாத்திரையையோ இரும்பு மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் போதாதா? நாங்கள் தினமும் கேழ்வரகுதான் சாப்பிடுகிறோம்.

பி வைட்டமின் குறைவால் வந்த புண் என்றால் பி காம்ப்ளெக்ஸ் வேகமாகவே கேட்கும். இரும்புக் குறைவால் வந்ததென்றால் அதனால் பயனில்லை. மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கும் வளரும் பெண் பிள்ளைகளுக்கும் இரும்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11க்கும், ஆணுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. நகம் குழிந்து, நாக்கு வழுவழுப்பாகி, படியேறினால் மூச்சு வாங்குவதும் கடைவாய் வெடிப்பும் சேர்ந்திருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. விழுங்கும்போது உணவு தொண்டையில் சிக்குவதும் சேர்ந்தால் உடனே பார்க்க வேண்டும்.

கேழ்வரகைப் பற்றி: 100 கிராமில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தோ 300 மில்லிகிராமுக்கு மேல். அந்தச் சுண்ணாம்புச் சத்தும், தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. எனவே களி மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது. முளைகட்டுவதும் கூழாகப் புளிக்கவைப்பதும் அந்தத் தடையைக் குறைக்கும். களியோடு கொள்ளு, முருங்கைக்கீரை, முட்டை, முடிந்தால் கறி சேர்த்து, நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சாப்பிட்டு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ குடிக்காமல் இருந்தால் பலன் கூடும். சைவம் மட்டும் உண்பவர்கள் பி12ஐப் பாலிலிருந்தோ மாத்திரையிலிருந்தோதான் பெற முடியும். கீரையில் அது இல்லை.

வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தம் தங்காது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி, அங்கன்வாடிகளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தவறவிடாதீர்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை இது வந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் எச்சிலிலும் சர்க்கரை கூடிப் பூஞ்சை செழிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அடுத்தது, மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையை நிறுத்தக் கூடாது. பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை இருப்பதே தெரியாமல் இந்தப் புண்ணால் கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் சர்க்கரை பார்க்கும்போது வாயோரத்தையும் காட்டிக் கேளுங்கள்.

பாட்டிக்குப் பல்செட்டு போட்டதிலிருந்து ஆறவே இல்லை.

பழைய, தேய்ந்த பல்செட்டில் முகத்தின் கீழ்ப்பகுதி உள்வாங்கி, வாயோரத் தோல் மடிந்து, அந்த மடிப்பில் எச்சில் நிற்கும். இதற்கு எந்தப் பிரிவு மருந்தும் நிலையான தீர்வாகாது. பல் மருத்துவர் பல்செட்டின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும் அல்லது புதிதாகச் செய்ய வேண்டும். இரவில் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சுத்தமான தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். பல்செட்டின் அடியில் அண்ணம் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்திருந்தால் பூஞ்சை அங்கே இருந்துகொண்டு வாயோரத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

குழந்தைக்கு வந்தால்?

விரல் சூப்புவது, உதட்டை நக்குவது, பல் முளைக்கும்போது எச்சில் வழிவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். துடைத்து வாசலின் பூசுங்கள். பால் குடிக்கும் குழந்தையின் நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், தாயின் மார்புக் காம்பையும் சேர்த்துப் பார்ப்பார்.

மெடிக்கல் கடையில் கொடுக்கும் க்ரீமை வாங்கிப் பூசலாமா?

க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் மட்டும் உள்ள பூஞ்சைக்கொல்லி க்ரீமுக்கு நியாயமான பயன்பாடு உண்டு. மருத்துவர்களும் அதையே முதலில் எழுதுவார்கள். பாக்டீரியா என்று தோன்றினால் முப்பிரோசின் அல்லது ஃப்யூசிடிக் அமிலம் தருவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மைக்கோனசோலைத் தாங்களாக வாங்கவே கூடாது; ரத்தக்கசிவு ஏற்படலாம். பயப்பட வேண்டியது, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கொல்லியும் ஒன்றாகக் கலந்து விற்கும் க்ரீம்களைத்தான். இரண்டு நாளில் சிவப்பு மறையும், நிறுத்தினால் முன்னைவிட வேகமாகத் திரும்பும், மாதக்கணக்கில் பூசினால் வாயைச் சுற்றித் தோல் மெலிந்து பரு பருவாக வரும். அட்டைப்பெட்டியில் பெக்லோமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இது மற்றவர்களுக்குத் தொற்றுமா?

சாதாரணக் கடைவாய் வெடிப்பு தொற்றாது. ஹெர்பிஸும் சொறிப்புண்ணும் தொற்றும். எது என்று தெளிவாகும் வரை துண்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், குழந்தைக்கு முத்தம் கொடுக்காமல் இருக்கலாம்.

எப்போது கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரம் ஒழுங்காகப் பராமரித்தும் ஆறவில்லையென்றால், சீழ் வைத்தால், கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், வருடத்தில் பலமுறை திரும்பினால் போக வேண்டும். புகையிலை, ஹான்ஸ், பாக்கு போடுபவர்களுக்கு இந்தக் கெடு இன்னும் குறைவு. வாயோரத்தின் உட்புறம் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, விளிம்பு கெட்டிப்பட்ட ஒற்றைப் பக்கப் புண், முன்புபோல வாயை அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த மாத்திரையையும் முயன்று பார்க்காமல் நேரே போங்கள். வாய்ப்புற்றுநோயும் அதன் முன்நிலைகளும் இப்படித்தான் தொடங்கலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. புண் சாதாரணமாகத் தோன்றினால் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்து, அந்தச் சீட்டையும், இதுவரை எடுத்த ஹோமியோபதி மருந்துகளின் குப்பிகளையும், பூசிய க்ரீம்களின் பெட்டிகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.